ஹெர்பிஸா என்ற சந்தேகம்: பரிசோதனை முதல் கலியாணப் பேச்சு வரை

எங்கள் பாமசியில் ஷாம்பூ தொங்கும் பக்கமாக ஒதுங்கி நின்று, மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு விளங்கிவிடும். கல்முனை வீதியில் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கவுண்டரில் நிற்கிறேன். போன வருடம் ஒரு தம்பி அப்படித்தான் நின்றான். கடைசி ஆளும் போன பிறகு, நாலாக மடித்த லெப் ரிப்போர்ட்டைப் போனுக்கு அடியில் வைத்து, போனோடு சேர்த்து என் பக்கம் தள்ளினான்.

"அண்ணன், இதப் பாத்துச் சொல்லுங்க. நான் இனிக் கலியாணம் முடிக்கலாமா?"

ரிப்போர்ட்டில் எச்.எஸ்.வி-2 ஐ.ஜி.ஜி என்று ஒரு வரி. பக்கத்தில் 1.4. அதற்கும் பக்கத்தில் தடித்த எழுத்தில் 'பொசிட்டிவ்'. கொப்புளம், புண், எரிவு ஏதாவது வந்ததா என்று கேட்டேன். ஒன்றுமே இல்லையாம். கட்டாரில் இருந்தபோது ஒரேயொரு தடவை, அதுவும் மூன்று வருடத்துக்கு முந்திய கதை. வீட்டில் கலியாணம் பேசத் தொடங்கியதும் பயம் பிடித்து, யாரிடமும் கேட்காமல் தானே போய் இரத்தம் கொடுத்திருக்கிறான்.

அவனுக்கு அன்று சொன்னதையும், பிறகு கிளினிக் டொக்டர்மாரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டதையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. மருந்தும் அளவும் உங்களைப் பார்த்த டொக்டர் எழுத வேண்டியவை.

முதலில் பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

நம் ஊரில் 'அக்கி' என்று சொல்வது வேறு. அது அம்மாள் வருத்தம் வந்து போன உடம்பில், அதே வைரஸ் பல வருடம் கழித்துத் திரும்பவும் எழும்புவது. அதற்கும் ஆங்கிலப் பெயரில் ஹெர்பிஸ் என்ற சொல் இருப்பதால், அக்கி வந்த வயதான அம்மாவைச் சந்தேகமாகப் பார்த்த பிள்ளைகளையும் எனக்குத் தெரியும். நாம் இங்கே பேசுவது எச்.எஸ்.வி, அதாவது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ் பற்றி. ஒரே குடும்பம், ஆனால் வேறு ஆள்.

இதில் இரண்டு வகை. எச்.எஸ்.வி-1 பெரும்பாலும் வாயைச் சுற்றி வரும். எச்.எஸ்.வி-2 பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே. வாய்வழி உறவால் முதலாவது வகையும் கீழே வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் 64 வீதமானோருக்கு முதலாவது வகை இருக்கிறது. 15 முதல் 49 வயது வரையானவர்களில் சுமார் 13 வீதமானோருக்கு இரண்டாவது வகை. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொப்புளிக்கிறதே, 'உடம்புச் சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு மறந்துவிடுகிறோமே, அது இந்த வைரஸ்தான். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அது உண்டு. உதட்டில் வந்ததற்காக என்னை யாரும் ஒருநாளும் ஒரு மாதிரியாகப் பார்த்ததில்லை. அதே வைரஸ் ஒன்றரை முழம் கீழே வந்தால் மட்டும் ஊர் வாயைப் பொத்திக்கொண்டு கதைக்கிறது.

படி 1: புண் இருக்கும்போதே காட்டுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரேயொரு விடயத்தைத்தான் நினைவில் வைக்கப் போகிறீர்கள் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள். ஹெர்பிஸுக்கு நம்பகமான பரிசோதனை புண்ணிலிருந்து எடுப்பது. கொப்புளம் உடைந்து ஈரமாக இருக்கும்போது பஞ்சுக் குச்சியால் (ஸ்வொப்) தடவி எடுத்து பி.சி.ஆர் செய்தால், வைரஸ் இருக்கிறதா, எந்த வகை என்று இரண்டும் தெரியும். கொப்புளம் வந்து முதல் இரண்டு நாளுக்குள் எடுத்தால் நல்லது. காய்ந்து பொருக்குத் தட்டிய பிறகு போனால், வைரஸ் இருந்தும் 'இல்லை' என்று வரலாம்.

தொற்றியவருக்கு அறிகுறி வருவதென்றால் 2 முதல் 12 நாளுக்குள் வருவது வழக்கம். முதல் தடவை கொஞ்சம் கடுமையாக இருக்கும்: காய்ச்சல், உடம்பு உளைவு, கவட்டில் நெறி கட்டும், சின்னச் சின்னக் கொப்புளங்கள் கூட்டமாக வந்து உடையும், சலம் போகும்போது எரியும். ஆற இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கலாம். அடுத்த தடவைகள் சின்னதாக, ஒரு கிழமையோடு அடங்கும். பலருக்கு இவ்வளவும் வராது. சாரம் உராய்ந்த காயம், சவரம் செய்த வெட்டு, பூச்சிக்கடி என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். வைரஸ் உள்ளவர்களில் பெரும்பாலானோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது என்பதற்குக் காரணம் இதுதான்.

அந்த நேரத்தில் எங்களைப் போன்ற ஒரு பாமசிக்கு வந்து "அண்ணன், அரிப்புக்கு ஒரு க்ரீம் தாங்க" என்று கேட்காதீர்கள். பலர் கேட்டு வாங்கும் அந்தக் கலவைக் க்ரீம்களில் ஸ்டெரோய்ட் இருக்கிறது. அது புண்ணை மோசமாக்கலாம், பார்க்கும் டொக்டரையும் குழப்பும். மஞ்சள், டெட்டோல், பற்பசை ஒன்றும் வேண்டாம். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரில் இருக்கலாம். சலம் போகும்போது மேலே தண்ணீர் ஊற்றிக்கொண்டால் எரிவு குறையும்.

இன்னொன்று: கீழே வரும் எல்லாப் புண்ணும் ஹெர்பிஸ் இல்லை. வலியே இல்லாமல் ஒற்றைப் புண்ணாக வந்து தானாக ஆறினால் அது சிபிலிஸாக இருக்கலாம். அதைப் பெனிசிலின் ஊசியால் முழுதாகக் குணமாக்க முடியும், விட்டால் பின்னுக்கு இருதயத்தையும் மூளையையும் பிடிக்கும். 'ஹெர்பிஸ்தானே, மருந்து இல்லையாமே' என்று வீட்டில் இருந்துவிடுவது இதனால்தான் ஆபத்து.

சலம் அடியோடு போகாமல் நின்றால், தலையிடியோடு கழுத்து விறைத்தால், கண் சிவந்து நொந்தால், கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

படி 2: எங்கே போவது

தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்குகள் மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை மூன்றிலும் இருக்கின்றன. காசு இல்லை. வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை, நேரே போகலாம். நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே போன் பண்ணிக் கேட்டுவிடுங்கள்.

"அங்க ஆராவது தெரிஞ்ச ஆக்கள் நிண்டா?" இதுதான் எல்லோருடைய கேள்வியும். நியாயமான பயம். குடும்பநல மாது அடுத்த வீட்டுக்காரி, லெப்பில் இருப்பவர் மச்சானின் கூட்டாளி என்று வாழும் ஊர் இது. அதற்கு வழி, உங்கள் மாவட்டக் கிளினிக்குக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீற்றர். இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் பஸ் ஏறிப் போகிறவர்கள் நிறைய. ஊர் தெரியாத இடத்தில் வாய் திறப்பது சிலருக்குச் சுலபம்.

அங்கே போனால் எதையும் மறைக்காதீர்கள். ஆணோடா பெண்ணோடா, வாய்வழியா, கொண்டம் போட்டதா என்று கேட்பார்கள். கண்டிப்பதற்காகக் கேட்பதில்லை, எங்கே பார்ப்பது எதைச் சோதிப்பது என்று தெரியவேண்டும். அதே போக்கில் எச்.ஐ.விக்கும் சிபிலிஸுக்கும் இரத்தம் கொடுத்துவிடுங்கள். எச்.எஸ்.வி-2 உள்ளவருக்கு எச்.ஐ.வி தொற்றும் வாய்ப்புக் கூடுதல் என்பதால் அது வீண் வேலை இல்லை.

வெளிநாடு போக எடுத்த மெடிக்கல் 'பாஸ்' ஆனது என்று ஆறுதல்படுகிறவர்களும் உண்டு. வளைகுடாவுக்கான அந்தச் சோதனையில் எச்.ஐ.வி, ஈரல் அழற்சி, சிபிலிஸ், காசநோய் பார்ப்பார்கள். ஹெர்பிஸ் பார்ப்பதில்லை. தாய்மார் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்திலும் அது இல்லை.

படி 3: புண் இல்லை, இரத்தம் கொடுக்கலாமா?

இப்போது அந்தத் தம்பியின் 1.4க்கு வருவோம்.

இரத்தத்தில் பார்ப்பது வைரஸை அல்ல, வைரஸுக்கு எதிராக உடம்பு செய்த பிறபொருளெதிரியை. ஐ.ஜி.ஜி, ஐ.ஜி.எம் என்பவை அதன் இரண்டு வகை. தொற்றிய உடனே அது இருக்காது. வந்து சேர 12 முதல் 16 கிழமை வரை எடுக்கலாம். போன சனிக்கிழமை நடந்ததற்கு இந்தத் திங்கட்கிழமை இரத்தம் கொடுப்பது காசைக் கொட்டுவது.

ரிப்போர்ட் வந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள். ஐ.ஜி.எம் என்று போட்டிருந்தால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். புதுத் தொற்றுக்கும் பழைய தொற்றுக்கும் வித்தியாசம் காட்ட அதனால் முடியாது, இல்லாததையும் இருப்பதாகக் காட்டும். 1, 2 என்று பிரிக்காமல் இரண்டையும் ஒன்றாகப் போட்டிருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் உதட்டுக் கொப்புளக்காரன் நானும் அதில் பொசிட்டிவ்தான். பிரித்துப் பார்த்த ஐ.ஜி.ஜியாக இருந்தால் எண்ணைப் பாருங்கள். பரவலாகப் பாவிக்கும் முறையில் 1.1க்கு மேல் போனாலே பொசிட்டிவ் என்று அச்சாகும். ஆனால் 3க்குக் கீழே உள்ள எண்கள் பொய்யாக இருப்பதற்கு நிறைய இடமுண்டு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வழிகாட்டலே, அப்படிக் குறைந்த எண் வந்தால் வேறொரு முறையால் உறுதிப்படுத்தச் சொல்கிறது. அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்குச் சும்மா இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டாம் என்றும் அதே நாட்டு நிபுணர் குழு 2016இலும் 2023இலும் சொல்லியிருக்கிறது. இதைத் தம்பி போன லெப்பில் யாரும் சொல்லவில்லை. காசை வாங்கினார்கள், தாளைக் கொடுத்தார்கள்.

அவனைக் கிளினிக்குக்கு அனுப்பினேன். டொக்டர் பார்த்துவிட்டு, வேறொரு முறையில் திருப்பிச் செய்யச் சொன்னார். அதில் இல்லை என்று வந்தது. நடுவில் போன இரண்டு மாதமும் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று பிறகுதான் சொன்னான்.

இரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. துணைக்கு ஹெர்பிஸ் இருப்பது உறுதியாகி, உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறதா என்று அறியவேண்டுமென்றால் எடுக்கலாம். திரும்பத் திரும்பப் புண் வருகிறது, ஸ்வொப்பில் மட்டும் ஒன்றும் பிடிபடவில்லை என்றாலும் எடுக்கலாம். டொக்டர் சொல்லி எடுங்கள், அவ்வளவுதான்.

படி 4: யார் தந்தது என்று தேடாதீர்கள்

வீடுகள் உடைவது இந்த இடத்தில்தான். படுவான்கரைப் பக்கத்து ஒரு பெண். கணவன் சவூதியில் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தான். வந்து ஒரு மாதத்தில் அவளுக்குக் கொப்புளம். அண்ணன்மார் அவன் முன்னால் போய் நின்றார்கள். அவனோ, "எனக்கு ஒண்டும் இல்ல, நான் இல்லாத நேரம் இவதான்" என்றான். இருவரும் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்கள்.

விடயம் என்னவென்றால், இருவருமே உண்மை சொல்லியிருக்கலாம். இந்த வைரஸ் தோலில் நுழைந்தபின் நரம்பு வழியே போய் முள்ளந்தண்டின் அடியில் உள்ள நரம்புக் கணுக்களில் படுத்துக்கொள்ளும். வருடக் கணக்கில் ஒன்றும் காட்டாமல் கிடந்து, ஒரு நாள் எழும்பும். ஆகவே முதன்முதலாகக் கண்ணில் பட்ட கொப்புளம், முதன்முதலாகத் தொற்றிய நாளைச் சொல்லாது. கலியாணத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம். கணவனுக்கு ஒரு அடையாளமும் இல்லாமலே இருந்து அவளுக்குப் போயிருக்கலாம். உதட்டுக் கொப்புளத்தோடு வாய்வழி உறவில் போன முதலாவது வகையாகவும் இருக்கலாம்.

யாரும் தவறு செய்யவில்லை என்பதற்கும் இது சாட்சி இல்லை. எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாத வருத்தம் இது. எந்த லெப்பும் ஆளின் பெயரையும் திகதியையும் எழுதித் தராது. அந்த வீட்டில் கடைசியில் வழக்கை நிறுத்தியவர் கிளினிக் டொக்டர். இருவரையும் ஒன்றாக இருத்தி இதையேதான் சொன்னார்.

படி 5: மருந்து

வைரஸை உடம்பிலிருந்து துடைத்தெடுக்கும் மருந்து இன்னும் இல்லை. 'வேரோடு எடுக்கிறேன்' என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். ஆனால் அடக்கும் மருந்து நன்றாகவே இருக்கிறது. அசைக்ளோவிர் குளிசை, முதல் தடவைக்குப் பொதுவாக 400 மில்லிகிராம் ஒரு நாளுக்கு மூன்று வேளை, 7 முதல் 10 நாள். திரும்ப வரும்போது, கொப்புளத்துக்கு முந்திய அந்தக் குறுகுறுப்பு அல்லது குத்தல் தொடங்கிய முதல் நாளே போட்டால்தான் முழுப் பயன். அதனால் வீட்டில் ஒரு அட்டை வைத்திருக்க டொக்டரிடம் துண்டு கேளுங்கள். அசைக்ளோவிர் க்ரீம் கீழே வரும் புண்ணுக்குப் பெரிதாக உதவாது.

அடிக்கடி வந்தால் தினமும் குளிசை போடும் முறை உண்டு. வரும் தடவைகளை 70 முதல் 80 வீதம் வரை குறைக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கட்டாயம் சொல்லவேண்டும், அளவைக் குறைக்க வேண்டிவரும். தெஹியத்தகண்டியப் பக்கம் அந்த வருத்தம் எவ்வளவு என்பது அம்பாறைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

படி 6: மற்றவருக்குப் போகாமல் பார்ப்பது

கக்கூஸ் இருக்கை, துவாய், கிணற்றடி வாளி, குளத்துத் தண்ணீர் இவற்றால் இது பரவாது. வெளியே வந்தால் வைரஸ் நெடுநேரம் உயிரோடு நிற்காது. தோலும் தோலும், ஈரமும் ஈரமும் படவேண்டும்.

புண் இருக்கும்போதும், குறுகுறுப்புத் தொடங்கியதிலிருந்து தோல் முழுதாக ஆறும்வரையும் உறவு வேண்டாம். இது எல்லோருக்கும் விளங்கும். விளங்காதது, புண் இல்லாத நாளிலும் வைரஸ் தோலுக்கு வந்து போகும் என்பது. எச்.எஸ்.வி-2 உள்ள, கொப்புளம் வரும் வழக்கமுள்ள ஒருவருக்கு 100 நாளில் சுமார் 20 நாள் அப்படி நடக்கிறது. ஒருநாளும் கொப்புளமே வராதவருக்கும் 10 நாள். முதலாவது வகை கீழே வந்திருந்தால் இது நன்றாகக் குறைவு, திரும்ப வருவதும் குறைவு. எந்த வகை என்று அறிவதன் பயன் அங்கேதான்.

கொண்டம் குறைக்கும், முழுதாகத் தடுக்காது. மூடாத தோலிலும் வைரஸ் இருக்கலாம். சுன்னத்துச் செய்தவருக்கு வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. ஆபிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் ஆண்களுக்குத் தொற்றுவது ஓரளவு குறைந்தது, நிற்கவில்லை.

தினக் குளிசைக்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. ஒருவருக்கு எச்.எஸ்.வி-2 இருந்து மற்றவருக்கு இல்லாத 1,484 சோடிகளை 8 மாதம் பார்த்த ஆய்வு 2004இல் வெளியானது. மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களின் துணைகளில் 3.6 வீதமானோருக்குத் தொற்றியது. தினமும் 500 மில்லிகிராம் வலசைக்ளோவிர் (அசைக்ளோவிரின் இன்னொரு வடிவம்) எடுத்தவர்களின் துணைகளில் 1.9 வீதம். குளிசை பாதியாக்குகிறது, உண்மை. ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது, குளிசை இல்லாமலே 100இல் 96 பேருக்கு அந்த 8 மாதத்தில் தொற்றவில்லை என்பது. ஊரில் கதைக்கும்போது, தொட்டால் ஒட்டிவிடும் என்பது போலல்லவா கதைக்கிறோம்.

படி 7: சொல்வது

மேலே சொன்னதெல்லாம் விளக்கம். இது துணிச்சல்.

யாருக்குச் சொல்ல வேண்டும்? உடம்பால் சேரப்போகும் ஆளுக்கு. சேருவதற்கு முன். அவ்வளவுதான். முதலாளிக்கு, மாமிக்கு, தரகருக்கு, கூட்டாளிக்குச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. பேச்சுக் கலியாணம் என்றால் என் அபிப்பிராயம், சாதகம் பொருந்தி இருவரும் ஒருவரையொருவர் பார்த்து ஓரளவு பிடித்த பிறகு, ஆனால் முற்றாக்குவதற்கு முன். முதல் நாளே கொட்டினால் அறியாத ஒருவரிடம் உங்கள் இரகசியம் போகிறது. சீதன வீட்டுக்கு வர்ணம் பூசி, மண்டபத்துக்கு முற்பணம் கட்டிய பிறகு சொன்னால், மற்றவருக்கு மறுக்கும் வழி அடைபடுகிறது.

மாதாமாதம் எங்களிடம் குளிசை வாங்கும் ஒரு தங்கச்சி இருக்கிறா. எழுதலாம் என்று அவவே சொன்னா. முதல் பேச்சில் வட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினா. ஸ்கிரீன்ஷொட் அன்றிரவே மாப்பிள்ளையின் அக்காவிடம் போய்விட்டது. அடுத்த கிழமை அவவின் தாயிடம் ஒருவர் கோயிலில் வைத்து, "பிள்ளைக்கு என்ன வருத்தமாம்?" என்று கேட்டார். ஆகவே எழுத்தில் வேண்டாம், குரல் பதிவும் வேண்டாம். நேரே இருந்து கதையுங்கள்.

இரண்டாவது பேச்சில் மாப்பிள்ளையிடம் நேரே சொன்னா, கல்லடிக் கடற்கரையில். தங்கை ஒருத்தி கொஞ்சம் தள்ளி ஐஸ்கிறீம் குடித்துக்கொண்டிருந்தா. குளிசை வாங்கும் தங்கச்சி முன்கூட்டியே கொப்பியில் எழுதிப் பாடமாக்கிக்கொண்டு போனது இவ்வளவுதான்:

"எனக்கு ஒரு வருத்தம் இருக்கு. உயிருக்கு ஆபத்தில்ல, ஆனா முழுசா மாறாது. பேர் ஹெர்பிஸ். வருசத்துக்கு ரெண்டு மூணு தரம் கொப்புளம் வரும், குளிசை போட்டா அடங்கும். முடிச்சா உங்களுக்கும் வரலாம், அதக் குறைக்க வழியிருக்கு. இப்பவே பதில் சொல்ல வேணாம். வேணாமெண்டா வேணாமெண்டு மட்டும் வீட்ட சொல்லுங்க, காரணத்தச் சொல்லாதீங்க."

அழவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை, எங்கிருந்து வந்தது என்ற கதைக்குள் போகவில்லை. அவர் கேட்டால் சொல்வதா என்று முன்பே முடிவெடுத்து வைத்திருந்தா. உங்களுக்கும் அந்த முடிவு கையில் இருக்கட்டும். பதில் சொல்ல முடியாத மருத்துவக் கேள்வி வந்தால், "ரெண்டு பேரும் போய் டொக்டரிட்டக் கேப்பம்" என்று சொல்லுங்கள். கிளினிக்கில் சோடியாகப் போனாலும் கதைப்பார்கள்.

அவர் கனநேரம் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப பிள்ளை?"

படி 8: பிள்ளை

பிள்ளை பெறத் தடையில்லை. கர்ப்பத்துக்கு முன்பே ஹெர்பிஸ் உள்ள தாயின் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்கும் போகிறது. பிரசவத்தில் தொற்றும் வாய்ப்பு 1 வீதத்துக்கும் குறைவு. ஆபத்து, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்குப் புதிதாகத் தொற்றினால்தான். அப்போது 30 முதல் 50 வீதம் வரை போகும். அதனால் கணவனுக்கு இருந்து மனைவிக்கு இல்லையென்றால், கடைசி மூன்று மாதம் உறவைத் தவிர்ப்பது நல்லது. உதட்டுக் கொப்புளத்தோடு வாய்வழி உறவும் இதில் சேரும்.

தாய்மார் கிளினிக்கில் டொக்டரிடம் சொல்லுங்கள். 36ஆவது கிழமையிலிருந்து தினக் குளிசை தருவதுண்டு. பிரசவ வலி வரும் நேரம் புண்ணோ குறுகுறுப்போ இருந்தால் லேபர் ரூமில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லவேண்டும், சிசேரியன் செய்வார்கள். புண் இல்லையென்றால் சாதாரணப் பிரசவம்.

பிறந்த பிறகு ஆபத்து வருவது பிள்ளை பார்க்க வருகிற நம்மிடமிருந்து. உதட்டில் கொப்புளம் உள்ளவர் பச்சைப் பிள்ளையைக் கொஞ்சினால், அது மூளை வரை போய் உயிரை எடுக்கக்கூடிய தொற்றாக மாறலாம். என் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்து பத்தாம் நாள், உதட்டோரம் எனக்குக் கொப்புளம். போனேன், வாசற்படியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். "மாமா தூக்காமப் போறார்" என்று தங்கச்சிக்குக் கோபம், உம்மென்று இருந்தா. ஒன்பது நாள் கழித்து, பொருக்கு உதிர்ந்து புதுத் தோல் வந்த பிறகு போய், கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத் தூக்கினேன்.